ஒன்பது கோயிலையும் ஒரே நாளில் பார்த்துவிட்டோம், புளியமரத்தைத்தான் பார்க்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் ஆன்மிக இணைப்பில், தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஒன்பது பெருமாள் கோயில்களான நவதிருப்பதி பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. எந்தக் கோயில் எந்தக் கிரகத்துக்கு, எத்தனை மணிக்குக் கிளம்பினால் எத்தனை மணிக்கு முடிக்கலாம், எங்கே என்ன விளக்கு போட வேண்டும் என்று எல்லாம் விவரமாக இருந்தது. ஸ்ரீவைகுண்டம் சூரியனுக்கு, நத்தம் சந்திரனுக்கு, திருக்கோளூர் செவ்வாய்க்கு, திருப்புளியங்குடி புதனுக்கு, ஆழ்வார்திருநகரி குருவுக்கு, தென்திருப்பேரை சுக்கிரனுக்கு, பெருங்குளம் சனிக்கு, இரட்டைத் திருப்பதி ராகுவுக்கும் கேதுவுக்கும் என்று கட்டம் போட்டே கொடுத்திருந்தீர்கள். படித்து முடித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அவ்வளவு பெரிய பக்கத்தில் நம்மாழ்வார் பெயர் ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, அதுவும் அவர் பிறந்த தலம் என்று அரை வரியில். அவர் பாடியதிலிருந்து ஒரு சொல்கூட இல்லை. ஐயா, அந்தக் கோயில்களுக்குத் திருப்பதி என்று பெயர் வந்ததே அவர் பாடியதால்தானே. பாட்டை எடுத்துவிட்டால் அப்புறம் அங்கே எதைப் பார்க்கச் சொல்லி ஜனங்களை அனுப்புகிறோம்?

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். நானும் அப்படிப் போய்விட்டு வந்தவள்தான், அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, எழுபத்தாறு வயதான என் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு பாளையங்கோட்டையிலிருந்து ஒரு சுற்றுலா வேனில் போனேன். விடியற்காலை ஐந்தரைக்கு ஏறினோம். ஏறினதுமே ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள், அதில் ஒன்பது கோயில், ஒவ்வொன்றுக்கும் எதிரே இருபது நிமிஷம், இருபத்தைந்து நிமிஷம் என்று போட்டிருந்தது. ஸ்ரீவைகுண்டத்தில் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து வெளியே வந்தோம். நத்தத்தில் செருப்பைக் கழற்றிப் போட்டது நினைவிருக்கிறது, பெருமாள் முகம் நினைவில்லை. திருப்புளியங்குடியில் பக்கவாட்டு ஜன்னல் வழியாகப் பெருமாள் பாதத்தைப் பார்க்க வேண்டும் என்று பெரியம்மா சின்ன வயதிலிருந்தே கேட்டு வைத்திருக்கிறாள், அந்த ஜன்னலுக்கு நின்ற வரிசையைப் பார்த்துவிட்டு, நேரமில்லை என்று கூட வந்தவர்கள் இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பெருங்குளம், இரட்டைத் திருப்பதி, ஆற்றைத் தாண்டி தென்திருப்பேரை, திருக்கோளூர். கடைசியாக ஆழ்வார்திருநகரி. அதற்குள் வேனில் இருந்த வயசானவர்கள் எல்லாரும் துவண்டுபோய்விட்டார்கள். ஆதிநாதர் சந்நிதியில் ஒரு கும்பிடு, ஆழ்வார் சந்நிதியில் எட்டி எட்டி ஒரு பார்வை, தலையில் சடாரி, கையில் தீர்த்தம், வெளியே வந்தால் டிரைவர் ஹாரன் அடிக்கிறார். வண்டி கிளம்பி மெயின் ரோட்டுக்கு வந்த பிறகு பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏட்டி, அந்தப் புளியமரத்தப் பாக்கவே இல்லையே" என்றாள்.

எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க அவள் பேசவில்லை.

புளியமரம் என்றால் என்ன என்று தெரியாத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். திருக்குருகூர் என்பதுதான் ஆழ்வார்திருநகரியின் பழைய பெயர். அந்த ஊரில் காரி என்பவருக்கும் உடையநங்கைக்கும் ஒரு குழந்தை பிறந்தது, அதுதான் நம்மாழ்வார், வேளாளர் குடி என்று குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. அந்தக் குழந்தை அழவில்லை, பால் குடிக்கவில்லை, கண் திறக்கவில்லை. பெற்றவர்கள் கோயிலில் கொண்டுபோய் விட, அது தவழ்ந்துபோய் அங்கே இருந்த புளியமரத்துப் பொந்தில் உட்கார்ந்துகொண்டதாம், பதினாறு வருஷம் அப்படியே. வடக்கே அயோத்தியில் இருந்த மதுரகவி, திருக்கோளூர்க்காரர், வயதில் மூத்த அந்தணர், தெற்கே ஒரு வெளிச்சத்தைப் பார்த்து அதைப் பிடித்துக்கொண்டே நடந்து இந்த மரத்தடிக்கு வந்து சேர்ந்தார். ஒரு கல்லைத் தூக்கிப் போட்டார், கண் திறந்தது. "செத்ததின் வயிற்றில் சிறியது பிறந்தால் எத்தைத் தின்று எங்கே கிடக்கும்" என்று கேட்டார். "அத்தைத் தின்று அங்கே கிடக்கும்" என்று பதில் வந்தது. உயிரில்லாத உடம்புக்குள் உயிர் வந்து சேர்ந்தால் அது எதை அனுபவிக்கும், எங்கே இருக்கும் என்பது கேள்வி, அந்த உடம்பையே அனுபவித்து அங்கேயே கிடக்கும் என்பது பதில் என்று பெரியவர்கள் விளக்குவார்கள். அந்த ஒரு பதிலுக்காகவே அந்த முதியவர் பதினாறு வயதுப் பிள்ளையின் காலில் விழுந்தார். அதோடு நிற்காமல், பெருமாளைக்கூடப் பாடாமல் இவரை மட்டுமே பாடினார், பதினோரு பாட்டு. "தேவு மற்று அறியேன்" என்றார், "குருகூர் நம்பி பாவின் இன்னிசை பாடித் திரிவனே" என்றார். நீ பாடினதைப் பாடிக்கொண்டு திரிவேன், எனக்கு அது போதும் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார் பாருங்கள், அதையும் சேர்த்துத்தான் ஆழ்வார்கள் பாடிய நாலாயிர திவ்யப் பிரபந்தத்தில் வைத்திருக்கிறார்கள்.

அந்த மரத்தை உறங்காப்புளி என்பார்கள், ராத்திரியிலும் இலை மூடாது என்று ஊரில் சொல்கிறார்கள். அதை விட்டு நகராமலேயே ஆழ்வார் ஊர் ஊராகப் பாடினார் என்பது நம்பிக்கை. ஆராய்ச்சியாளர்கள் பலர் அவரை ஒன்பதாம் நூற்றாண்டை ஒட்டி வைக்கிறார்கள், அப்படிப் பார்த்தால் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. இருந்த இடத்தில் இருந்து பாடியவரின் ஊரில், உட்கார்ந்து அதைக் கேட்க நாம் ஒரு மணி நேரம் கொடுக்கவில்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஒரு மாசம் கழித்து, ஐப்பசியில் ஒரு சாதாரண புதன்கிழமை, பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு திருச்செந்தூர் ரயிலில் போய் ஆழ்வார்திருநகரி ஸ்டேஷனில் இறங்கினேன். அன்றைக்கு ஒரே ஊர்தான், நேரம் இருந்தால் பக்கத்துத் திருக்கோளூர், வேறு எங்கேயும் கிடையாது என்று முடிவு செய்துகொண்டு போனோம். கோயிலில் பத்து இருபது பேர்தான் இருந்தார்கள். புளியமரத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து, மதுரகவி பாடிய அந்தப் பதினோரு பாட்டான கண்ணிநுண் சிறுத்தாம்பு சொல்லிக்கொண்டிருந்தார், யாருக்காகவும் இல்லை, தனக்காக. பெரியம்மா மெல்லப் படி ஏறி, மரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர் முடித்ததும் நாங்கள் கேட்டோம், அவர் சொன்னார். வைணவ ஆசாரியரான நாதமுனியின் கதையை அங்கேதான் நான் முழுசாகக் கேட்டேன். காட்டுமன்னார்கோயிலில் இருந்த நாதமுனி காதில், யாரோ வெளியூர்க்காரர்கள் "ஆராவமுதே" என்று கும்பகோணத்துப் பெருமாள்மேல் நம்மாழ்வார் பாடிய பத்துப் பாட்டைப் பாடியது விழுந்தது. கடைசியில் "ஓராயிரத்துள் இப்பத்தும்" என்று வருகிறது. அப்படியானால் மிச்சத் தொள்ளாயிரத்துச் சொச்சம் எங்கே என்று கேட்டார், வந்தவர்களுக்குத் தெரியவில்லை. பாட்டிலேயே குருகூர் என்று ஊர் பெயர் இருக்கிறதே என்று அதைப் பிடித்துக்கொண்டு இங்கே வந்தார். இந்த மரத்தடியில் உட்கார்ந்து மதுரகவியின் பதினோரு பாட்டைப் பன்னீராயிரம் தடவை சொன்னார், ஆழ்வார் தோன்றி ஆயிரத்தையும் கொடுத்தார், கூடவே நாலாயிரமும் கிடைத்தது என்பது வரலாறு. ஐயா, நாம் கேட்காமல் விட்டிருந்தால் போயிருக்கும், ஒரு மனுஷன் மிச்சம் எங்கே என்று கேட்டதால் கிடைத்தது. நாமோ எல்லாம் கையில் இருந்தும் கேட்காமல் திரும்பி வருகிறோம்.

அந்த ஆயிரம் என்கிறது திருவாய்மொழி, சரியாகச் சொன்னால் 1,102 பாட்டு. ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதலில் வரும், அந்தாதி. "உயர்வற உயர்நலம் உடையவன்" என்று தொடங்கி, ஆயிரம் தாண்டி, கடைசிப் பாட்டு "பிறந்தார் உயர்ந்தே" என்று முடிந்து மறுபடி முதல் சொல்லில் வந்து சேரும். இது போக திருவிருத்தம் 100, திருவாசிரியம் 7, பெரிய திருவந்தாதி 87. திருவாய்மொழிக்கு மட்டும் ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்து நாலாயிரப்படி, ஈடு முப்பத்தாறாயிரப்படி என்று ஐந்து பெரிய உரைகள். அவ்வளவு பேர் அவ்வளவு காலம் உட்கார்ந்து யோசித்த பாட்டு இது. நமக்கு இருபது நிமிஷம் என்று தாளில் போட்டிருக்கிறது.

சாயங்காலம் ஆட்டோ பிடித்துத் திருக்கோளூர் போனோம், சில கிலோமீட்டர்தான். அங்கே நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அந்த ஊர்மேல் இருக்கிற பத்தை நான் போனில் எடுத்து வைத்திருந்தேன், வெளி மண்டபத்தில் உட்கார்ந்து பெரியம்மாவுக்கு முதல் பாட்டைப் படித்துக் காட்டினேன்.

"உண்ணும் சோறு பருகும் நீர் தின்னும் வெற்றிலையும் எல்லாம்
கண்ணன் எம்பெருமான் என்று என்றே கண்கள் நீர் மல்கி"

பெரியம்மா மடியில் வெற்றிலைப் பெட்டி இருந்தது. அவள் எங்கே போனாலும் அது கூட வரும், டாக்டர் நிறுத்தச் சொல்லியும் நிறுத்தாதவள். நிமிர்ந்து பார்த்து, "வெத்தலையக் கூடவா பாடி வச்சிருக்காரு?" என்றாள். ஆமாம் பெரியம்மா என்றேன். இதைச் சொல்வது யார் என்று கேட்டாள். ஒரு அம்மா சொல்கிறாள், அவள் பொண்ணு வீட்டை விட்டுத் திருக்கோளூருக்குக் கிளம்பிப் போய்விட்டாள், எங்கே போயிருப்பாள் என்று ஊர் தேடாமலே அம்மாவுக்குத் தெரிகிறது, "திண்ணம் என் இளமான் புகும் ஊர் திருக்கோளூரே" என்று சொல்கிறாள் என்றேன். பெரியம்மாவுக்கு மூன்று பெண்கள், மூன்று பேரும் தூரத்தில் இருக்கிறார்கள். "திண்ணம்" என்ற சொல்லை அவள் இரண்டு மூன்று தடவை தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மிச்ச ஒன்பதையும் படி என்றாள். பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், எனக்கே அர்த்தம் தடுமாறுகிற இடங்களில் அவள் சட்டென்று பிடித்துக்கொண்டாள், ஏனென்றால் அது ஒரு அம்மா புலம்புகிற பேச்சு, அவளுக்குத் தெரிந்த பேச்சு.

புரட்டாசிச் சனிக்கிழமை அதே கோயிலுக்கு நாங்கள் வந்து போயிருக்கிறோம். செவ்வாய் தோஷத்துக்கு விளக்கு போட்டுவிட்டுத் திரும்பினோம். அப்படி ஒரு பாட்டு அந்த ஊருக்கு இருக்கிறது என்று வேனில் வந்த யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எனக்கும் அன்றைக்குத் தெரியாது.

திருக்கோளூரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ராமானுஜர் அந்த ஊருக்குள் நுழையும்போது ஒரு பெண் ஊரை விட்டு வெளியே போய்க்கொண்டிருந்தாளாம். எல்லாரும் புகுகிற ஊர் என்று ஆழ்வார் பாடிய ஊர் உனக்கு மட்டும் புறப்படுகிற ஊராகிவிட்டதா அம்மா என்று அவர் கேட்டார். அவள், அவரைப் போல நான் செய்தேனா, இவரைப் போல நான் செய்தேனா என்று அக்ரூரரில் தொடங்கி எண்பத்தொரு பேரை வரிசையாகச் சொன்னாள். ஒரு தகுதியும் இல்லாத நான் இங்கே இருந்தால் என்ன, வெளியே போனால் என்ன, முயல் புழுக்கை வயலில் கிடந்தால் என்ன, வரப்பில் கிடந்தால் என்ன என்றாள். ராமானுஜர் அவள் வீட்டுக்கே போய் அவள் கையால் சாப்பிட்டார் என்பார்கள். மோர் விற்கிற பெண் என்றுகூடச் சிலர் சொல்வார்கள். அவ்வளவு ராமாயணமும் பாரதமும் ஒரு சாதாரண ஊர்ப் பெண் வாயில் இருந்தது என்றால், அந்தக் காலத்தில் அந்தத் தெருக்களில் யாரோ உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள், யாரோ உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்.

மற்ற ஊர்களுக்கும் இப்படித்தான். திருப்புளியங்குடியில் பெருமாள் படுத்திருக்கிறார், "கிடந்தநாள் கிடந்தாய் எத்தனை காலம் கிடத்தி உன் திருவுடம்பு அசைய" என்று ஆழ்வார் கேட்கிறார், எத்தனை நாள்தான் இப்படியே படுத்துக் கிடப்பாய், உடம்பு அலுத்துப் போகாதா என்று. வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்த்துக்கொண்டவர்களுக்கு அந்தக் கேள்வி என்ன செய்யும் என்று நினைத்துப் பாருங்கள். அதற்கு அடுத்த பாட்டில் "புளிங்குடிக் கிடந்து வரகுணமங்கை இருந்து வைகுந்தத்துள் நின்று" என்று மூன்று ஊரை ஒரே வரியில் வைத்துவிட்டார். ஓர் ஊரில் படுத்தார், ஓர் ஊரில் உட்கார்ந்தார், ஓர் ஊரில் நின்றார். இந்த ஒரு வரியைத் தெரிந்துகொண்டு அந்த மூன்று கோயிலுக்கும் போனால் ஏன் அங்கே படுத்திருக்கிறார், இங்கே ஏன் நிற்கிறார் என்று குழந்தைகூடக் கவனித்துப் பார்க்கும். வரகுணமங்கை என்பதுதான் நத்தம், அதுவே பலருக்குத் தெரியாது. தென்திருப்பேரையில் ஒரு பெண் பேசுகிறாள், சங்கும் சக்கரமும் ஏந்திக்கொண்டு தாமரைக் கண்ணன் "என் நெஞ்சினூடே புள்ளைக் கடாகின்ற ஆற்றைக் காணீர்" என்கிறாள், கருடனை அவர் ஓட்டிக்கொண்டு போகிற பாதை அவள் நெஞ்சுக்குள்ளே. பெருங்குளத்துக்கு ஒரே ஒரு பாட்டுதான், அந்த ஒன்றில் "மாயக்கூத்தன்" என்ற அழகான பெயர் இருக்கிறது.

இப்போது பரிகாரத்தைப் பற்றி. பரிகாரம் வேண்டாம், அது தப்பு என்று நான் சொல்லவில்லை. என் தம்பிக்குக் கல்யாணம் தள்ளிப்போனபோது பெருங்குளத்துக்கு நாங்களே போனோம். கஷ்டம் வந்தவன் எங்கே வேண்டுமானாலும் போய் நிற்பான், அவனை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கோயில்களைப் பாடுகிற பாசுரங்களில் இந்தக் கிரகக் கணக்கு கிடையாது, அது பிற்பாடு சேர்ந்த வழக்கம். ஒன்பதையும் சூரியன் மறைவதற்குள் முடித்தால்தான் பலன் என்று வேனில் ஒருவர் அடித்துச் சொன்னார், எங்கே இருக்கிறது என்று கேட்டேன், எல்லாரும் சொல்கிறார்கள் என்றார். அந்தப் பேச்சை நம்பித்தான் முட்டி வலியோடு வயசானவர்கள் ஓடுகிறார்கள்.

ஒரு நாள் லீவுதான் இருக்கிறது, சென்னையிலிருந்து வருகிறோம், இன்னொரு தடவை வர முடியுமோ முடியாதோ என்று சிலர் சொல்வார்கள். நியாயம்தான். அப்படி வருகிறவர்களும் ஸ்ரீவைகுண்டம், நத்தம், திருப்புளியங்குடி, பெருங்குளம், இரட்டைத் திருப்பதி என்று ஆற்றுக்கு வடகரையில் இருப்பதை ஒரு பயணமாகவும், ஆழ்வார்திருநகரி, திருக்கோளூர், தென்திருப்பேரை மூன்றையும் இன்னொரு பயணமாகவும் வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது பயணம் முடியாமலே போனாலும் பரவாயில்லை என்றுதான் நான் சொல்வேன். ஒன்றை ஒழுங்காகப் பார்த்தால் போதும்.

ஆழ்வார்திருநகரி ஊரைப் பற்றியே ஒரு தனிப் பக்கம் நீங்கள் போடலாம். இடையில் படையெடுப்புக் காலத்தில் ஊர் பாழாகிக் காடு மண்டிக் கிடந்தது, ஆழ்வார் திருமேனியை வெளியே கொண்டுபோய் எங்கெங்கோ வைத்துக் காப்பாற்றினார்கள், திருவாய்மொழிப்பிள்ளை என்பவர் காட்டை வெட்டித் திருத்தி ஊரை மறுபடி உண்டாக்கி ஆழ்வாரைக் கொண்டுவந்து வைத்தார் என்று சொல்வார்கள். அவரது சீடர் மணவாள மாமுனிகள் 1370-ல் இந்த ஊரில் பிறந்தவர். அரையர் சேவை இன்றைக்கும் தமிழ்நாட்டில் ஸ்ரீரங்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற மிகச் சில ஊர்களில்தான் நடக்கிறது, அதில் இதுவும் ஒன்று, கையில் தாளம், தலையில் அந்தக் கூம்புக் குல்லா, பாட்டை இசையோடு அபிநயித்துக் காட்டுவார்கள். வைகாசியில் ஆழ்வாரின் பிறந்த நட்சத்திரமான விசாகத்தை ஒட்டி நடக்கிற உற்சவத்தில் ஐந்தாம் நாள் ஒன்பது ஊர்ப் பெருமாள்களும் கருடன்மேல் ஏறி இந்த ஊருக்கு வருவார்கள், ஆழ்வார் அன்ன வாகனத்தில் எதிர்கொள்வார். கவனியுங்கள், அன்றைக்கு ஒன்பது பெருமாளும் பாட்டுக்காரரைத் தேடி வருகிறார்கள்.

இன்னொரு விஷயம், உங்கள் வாசகர்களில் கோயிலுக்குப் போகாதவர்களுக்கும் இது பிடிக்கும். உ.வே.சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்க ஏடு தேடி அலைந்தபோது இந்த ஊருக்கு வந்தார். இங்கே கவிராயர் வீடுகள் இருந்தன, தலைமுறை தலைமுறையாக ஏடு சேர்த்து வைத்த வீடுகள். லக்ஷ்மண கவிராயர் வீட்டில் கட்டுக்கட்டாகப் பார்த்தும் தேடியது கிடைக்கவில்லை. மனசு உடைந்துபோய், அன்று இரவு வீதி உலா வந்த நம்மாழ்வாரைப் பார்த்து வேண்டிக்கொண்டார். அதற்கப்புறம் கவிராயர், தன் மாமனார் வீட்டுக்குப் போன ஏடுகள் கொஞ்சம் உண்டு என்று சொல்லி, பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்த அந்த வீட்டிலிருந்து ஒரு கட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரித்தால் பத்துப்பாட்டு. 1889-ல் புத்தகம் வந்தது. இதை உ.வே.சா. தன் வாழ்க்கை வரலாற்றில் நெகிழ்ந்து எழுதியிருக்கிறார். முருகாற்றுப்படையும் முல்லைப்பாட்டும் நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்துக்கு வந்த வழியில் இந்தத் தெருவும் இருக்கிறது. எதிர்க்கரையில் ஸ்ரீவைகுண்டத்தில்தான் குமரகுருபரர் பிறந்தார். ஒரு ஆறு, இரண்டு கரை, இவ்வளவு தமிழ். இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த எனக்கே இது நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

சரி, நான் கேட்பது என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெரிய மண்டபமோ, ஒலி ஒளிக் காட்சியோ நான் கேட்கவில்லை. ஒவ்வொரு கோயிலிலும் உள்ளே நுழைந்ததும் கண் மட்டத்தில் ஒரு பலகை, அந்த ஊர்ப் பாசுரங்கள் அதில் பெரிய எழுத்தில், சொல் பிரித்து, கீழே பேச்சு வழக்குக்குப் பக்கமான தமிழில் அர்த்தம், அவ்வளவுதான். சுவரில் பாசுரம் எழுதியிருக்கிற இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன், நான் பார்த்த வரையில் அது அண்ணாந்து பார்க்கிற உயரத்தில், சொல்லெல்லாம் சேர்ந்து, படித்தவர்களுக்கே வாயில் நுழையாதபடி இருக்கிறது, அர்த்தமும் இல்லை. பெரியம்மாவுக்கு அதனால் என்ன பிரயோசனம்? கோயில்களைப் பார்த்துக்கொள்கிற அறநிலையத்துறையும் ஊர்ப் பெரியவர்களும் சேர்ந்தால் ஒரு மாசத்தில் முடிகிற வேலை. கூடவே புளியமரத்துக்குப் போகிற படியில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும், வயசானவர்கள் உட்கார நாலு பெஞ்சும், பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறையும் வேண்டும், அதை விரிவாகச் சொல்ல வேண்டியதில்லை, போய் வந்த எல்லாருக்கும் தெரியும்.

வேன் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பிழைப்பைக் கெடுக்க நான் எழுதவில்லை. நீங்கள் இல்லாவிட்டால் எத்தனையோ வயசானவர்கள் இந்த ஊர்களுக்குப் போகவே முடியாது. ஆழ்வார்திருநகரியைக் கடைசியில் வைக்காமல் முதலில் வையுங்கள், எல்லாரும் தெம்பாக இருக்கும்போது. அங்கே ஒரு மணி நேரமாவது கொடுங்கள். வண்டி ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்கு ஓடும்போது சினிமாப் பாட்டுப் போடுவதற்குப் பதில், அடுத்து வருகிற ஊரின் பாட்டை யாராவது ஒருவர் படிக்கட்டும். படிக்கத் தெரிந்தவர் வண்டிக்கு ஒருவர் இருப்பார்.

அப்புறம் உங்களுக்கு, ஐயா. வாரம் ஒரு ஊர் என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு பாசுரம், எளிய அர்த்தம், அந்த ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற ஒரு கதை என்று போடுங்கள். பரிகாரக் கட்டத்தை எடுக்கச் சொல்லவில்லை, அது பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். முதல் வாரம் திருக்கோளூராக இருக்கட்டும் என்பது என் ஆசை, வெற்றிலைப் பாட்டுக்காக. பெரியம்மா அதைக் கத்தரித்து வெற்றிலைப் பெட்டியில் வைத்துக்கொள்ளக் காத்திருக்கிறாள், நான் கையால் எழுதிக் கொடுத்த தாள் சுண்ணாம்பு பட்டு இப்போதே பாதி அழிந்துவிட்டது.

வைகாசியில் ஐந்தாம் நாள் கருட சேவைக்கு அவளைக் கூட்டிப்போவதாகச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குக் கூட்டம் தாங்காது, உன்னால் நிற்க முடியாது என்று வீட்டில் எல்லாரும் தடுக்கிறார்கள். முந்தின நாளே போய்விடலாம், ராத்திரி அங்கேயே தங்கிக்கொள்ளலாம், எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை என்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி,
பாளையங்கோட்டை.